ஒரே ஒரு தொப்பி

சாகுபுரத்தில் பிறந்து வளர்ந்த ஒருவரிடம், “உங்களுக்கு எந்த ஊரு?” என்று கேட்டுப் பாருங்கள். பதில் சட்டென்று வராது. “பொறந்தது சாகுபுரம்தான்... ஆனா சொந்த ஊரு அது இல்ல” என்று கொஞ்சம் இழுத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார். அப்பாவின் ஊரைச் சொல்வார். தாத்தா எங்கிருந்து பிழைக்க வந்தார் என்று சொல்வார். கடைசியில், “எங்களுக்கு எல்லாமே இங்கதான்” என்று முடிப்பார்.

திருச்செந்தூர் பக்கம், ஆறுமுகநேரிக்கும் காயல்பட்டினத்துக்கும் அருகில் இருக்கிறது சாகுபுரம். ஊர் பிறந்து ஆலை வந்த கதை இல்லை இது. ஆலை வந்து ஊர் பிறந்த கதை. 1950களின் இறுதியில் இங்கே ரசாயனத் தொழிற்சாலை எழும்பியது. அதை நிறுவிய சாகு ஜெயின் குடும்பத்தின் பெயரே ஊர்ப் பெயரானது. சுற்றிலும் உப்பளம், தேரி மணல், பனைமரம். நடுவே ஒரு வடநாட்டுப் பெயர். வேலைக்காகப் பல ஊர்களிலிருந்து வந்தவர்கள் குவார்ட்டர்ஸில் குடியேறினார்கள். பிள்ளைகள் பிறந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு எது சொந்த ஊர்?

பக்கத்தில் காயல்பட்டினத்துக்குப் போனால் இந்தக் கேள்வி கொஞ்ச நேரம் மறந்துபோகும். கோடை விடுமுறையில், ஐக்கிய விளையாட்டுச் சங்க மைதானத்தில் மௌலானா அபுல் கலாம் ஆசாத் நினைவுக் கோப்பைக்கான கால்பந்துப் போட்டி நடக்கும்போது ஊரே அங்கே கூடிவிடும். வெளிமாநில அணிகளும் வரும். நன்றாக ஆடுகிறவன் எந்த ஊர்க்காரனாக இருந்தாலும், அன்று சாயங்காலம் அவன் நம்ம பையன்தான்.

அப்படி ‘நம்ம ஆள்’ என்று சென்னை ரசிகர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய ஒருவர் உண்டு. பெயர் ஓவன் கோய்ல். பிறந்தது ஸ்காட்லாந்து. பிழைத்தது பெரும்பாலும் ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்திலும். நாட்டுக்காக ஆடியதோ அயர்லாந்துக்கு. அதுவும் வாழ்க்கையிலேயே ஒரே ஒரு ஆட்டம்!

குட்டி டோனகல்

அயர்லாந்தின் வடமேற்கு மூலையில் இருக்கும் கடலோர மாவட்டம் டோனகல். காற்றும் மழையும் கல்லும் நிறைந்த பூமி. விவசாயம் வயிற்றுக்குப் போதாது. அதனால் அந்தக் காலத்தில் ஆணும் பெண்ணுமாகக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறி ஸ்காட்லாந்துக்குப் போவார்கள். அங்கே உருளைக்கிழங்கு தோண்டும் வேலை. அறுவடைக் காலத்தில் நம் ஊர்களிலிருந்து மூட்டை முடிச்சோடு வெளியூர் வயல்களுக்குப் போவார்களே, அதே மாதிரி. சீசன் முடிந்ததும் பலர் திரும்புவார்கள். சிலர் கிளாஸ்கோவிலேயே தங்கிவிடுவார்கள்.

அப்படித் தங்கியவர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி கோர்பல்ஸ். டோனகல்காரர்கள் அவ்வளவு பேர் இருந்ததால் ‘குட்டி டோனகல்’ என்றே அதற்கு ஒரு செல்லப் பெயர். டோனகலில் வேர்கொண்ட ஒரு குடும்பத்தில், கிளாஸ்கோவை ஒட்டியுள்ள பெய்ஸ்லி நகரில், 1966 ஜூலை 14 அன்று பிறந்தார் ஓவன் கோய்ல். வளர்ந்தது கோர்பல்ஸில். வெளியே போனால் ஸ்காட்லாந்து, வீட்டுக்குள் வந்தால் அயர்லாந்து.

வீட்டில் கால்பந்துக்குப் பஞ்சமில்லை. அண்ணன்கள் ஜோ, டாமி இருவரும் ஆட்டக்காரர்கள். தம்பியும் அவர்கள் ஆடிய டம்பார்டன் கிளப்பிலேயே 1980களின் நடுவில் தொழில்முறை ஆட்டத்தைத் தொடங்கினார். அடுத்து கிளைட்பேங்க், அதன்பின் ஏர்ட்ரி. எல்லாமே சின்ன கிளப்புகள். ரேஞ்சர்ஸ், செல்டிக் மாதிரிப் பெரிய பெயர்கள் இல்லை. ஆனால், கோல் அடிப்பவனைப் பற்றிய பேச்சு சீக்கிரம் பரவிவிடும்.

1993இல் இங்கிலாந்தின் போல்டன் கிளப் அவரை அழைத்துக்கொண்டது. அப்போது போல்டன் இரண்டாம் நிலை லீக்கில் இருந்த அணி. அந்த சீசனில் எஃப்.ஏ. கோப்பையில் அது பெரிய மீன்களையெல்லாம் வலையில் போட்டது. முதலில் எவர்டன். அடுத்து, நடப்புச் சாம்பியனான ஆர்சனல். இந்த ஆட்டங்களில் கோய்ல் பெயரும் பேப்பரில் வந்தது. அயர்லாந்திலிருந்து அழைப்பு வர அதுவே போதுமானதாக இருந்தது.

தாத்தா பிறந்த நாடு

ஸ்காட்லாந்தில் பிறந்தவர் அயர்லாந்துக்கு எப்படி ஆட முடியும்? கால்பந்தின் உலக விதி இதற்கு இடம் தருகிறது. ஆட்டக்காரருக்கு அந்த நாட்டுக் குடியுரிமை இருக்க வேண்டும். கூடவே அவரோ, அப்பா அம்மாவோ, தாத்தா பாட்டியோ அந்த மண்ணில் பிறந்திருந்தால் போதும். அயர்லாந்துச் சட்டமும் தாராளம். தாத்தா அயர்லாந்தில் பிறந்தவர் என்றால், பேரன் உலகின் எந்த மூலையில் பிறந்திருந்தாலும் பதிவு செய்து குடியுரிமை பெறலாம். பஞ்சத்தாலும் வேலை இல்லாமலும் பல தலைமுறைகளைக் கப்பலேற்றி அனுப்பிய நாடு அது. போனவர்களின் பிள்ளைகளுக்காவது கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

அந்தக் கதவை முழுசாகத் திறந்தவர் ஜாக் சார்ல்டன். 1986இல் அயர்லாந்து அணிக்குப் பயிற்சியாளரானார். அவரே இங்கிலாந்துக்காரர்; 1966இல் இங்கிலாந்து உலகக் கோப்பை வென்றபோது அந்த அணியில் ஆடியவர்! இங்கிலாந்து, ஸ்காட்லாந்து கிளப்புகளில் ஆடுபவர்களில் யாருக்கு அயர்லாந்துத் தாத்தா பாட்டி இருக்கிறார்கள் என்று தேடித்தேடிச் சேர்த்தார். ‘இது என்ன அயர்லாந்து அணி?’ என்று கேலி செய்தவர்கள் உண்டு. 1988 யூரோ கோப்பையில் இங்கிலாந்தை 1-0 என அயர்லாந்து வீழ்த்தியபோது, அந்த கோலை அடித்தவர் ரே ஹௌட்டன். அவர் பிறந்ததும் கிளாஸ்கோதான். அதன் பிறகு கேலிச் சத்தம் வெகுவாகக் குறைந்துவிட்டது.

1994 ஏப்ரல் 20. நெதர்லாந்தின் டில்பர்க் நகரில் அயர்லாந்து ஆடுகிறது. உலகக் கோப்பைக்கு இரண்டே மாதம் இருக்கும்போது நடந்த நட்பு ஆட்டம். பலமான நெதர்லாந்தை அதன் சொந்த மண்ணிலேயே அயர்லாந்து 1-0 என்று வென்றது. கோல் அடித்த டாமி காய்னும் கிளாஸ்கோவில் பிறந்தவர். அந்த ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார் ஓவன் கோய்ல். பச்சை ஜெர்சி. 27 வயது.

நாட்டுக்காக ஆடிய ஒவ்வோர் ஆட்டத்தையும் கால்பந்து உலகில் ஒரு ‘கேப்’ என்று எண்ணுவார்கள். பழைய நாளில் நிஜமாகவே தலைக்கு ஒரு தொப்பி கொடுத்த வழக்கத்திலிருந்து வந்த கணக்கு அது. கோய்லுக்கு ஒரு தொப்பி கிடைத்தது.

ஜூன் மாதம் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைக்குப் போன 22 பேரில் அவர் பெயர் இல்லை. அதன் பிறகும் அழைப்பு வரவில்லை. 1998இல் அயர்லாந்து அணிக்குள் வந்த டப்ளின்காரர் ராபி கீன் 146 ஆட்டங்கள் ஆடி, 68 கோல் அடித்து ஓய்வு பெற்றார். கோய்லின் கணக்கு அந்த ஒன்றோடு நின்றது. அயர்லாந்துக்கு ஆடியவர்களின் பட்டியலில் இருவர் பெயரும் உண்டு. ஒருவருக்கு எதிரே 146, இன்னொருவருக்கு எதிரே 1.

பின்தங்கிய அணிகளின் ஆள்

ஒரு தொப்பியோடு முடிந்தவர் என்று அவரை ஒதுக்கிவிட முடியாது. 1995 மே 29, லண்டன் வெம்ப்ளி மைதானம். ஜெயிக்கும் அணிக்கு பிரீமியர் லீக்கில் இடம். போல்டனுக்கு எதிராக ரெடிங் அணி ஆரம்பத்திலேயே 2-0 என முன்னேறிவிட்டது. போதாததற்கு ரெடிங்குக்கு ஒரு பெனால்டி வேறு! அதை போல்டன் கோல்கீப்பர் தடுத்தார். இருந்தும் 75ஆவது நிமிடம் வரை போல்டனால் ஒரு கோல்கூடப் போட முடியவில்லை. அப்போது பந்து வலைக்குள் போனது. அடித்தவர் கோய்ல். அதிலிருந்து ஆட்டம் தலைகீழானது. கூடுதல் நேரத்தில் போல்டன் 4-3 என வென்றது.

போட்டியே முடிந்தது என்று ஜனங்கள் எழுந்து பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பும் நேரத்தில் திரும்பி வருவது. கோய்லின் வாழ்க்கையில் இது மறுபடி மறுபடி நடந்தது.

ஏறக்குறைய 20 ஆண்டுகள் ஆடிய பிறகு பயிற்சியாளரானார். 2007இல் பர்ன்லி கிளப் அவரைக் கூப்பிட்டது. பர்ன்லி, ஒரு காலத்தில் பருத்தி ஆலைகளால் வாழ்ந்த சின்ன ஊர். ஆலைகள் மூடிய பிறகு அந்த ஊருக்குப் பெருமை சொல்லிக்கொள்ள மிச்சமிருந்தது கால்பந்து கிளப்தான். அதுவும் முதல்நிலை லீக்கிலிருந்து இறங்கி 30 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. 2009 மே மாதம், அதே வெம்ப்ளியில், ஷெஃபீல்ட் யுனைடெட்டை 1-0 என வென்று பர்ன்லியை மேலே ஏற்றினார் கோய்ல். அந்த ஆகஸ்டில், சாம்பியனாக இருந்த மான்செஸ்டர் யுனைடெட்டையும் சொந்த மைதானத்தில் 1-0 என்று சாய்த்தது பர்ன்லி. ரசிகர்கள் அவரைக் ‘கடவுள்’ என்றே அழைத்தார்கள்.

2010 ஜனவரியில், சீசன் பாதியில் இருக்கும்போதே, கடவுள் பர்ன்லியை விட்டுக் கிளம்பினார். போன இடம் போல்டன், ஆட்டக்காரராக அவர் நெஞ்சில் சுமந்த பழைய கிளப். அவருக்கு அது வீடு திரும்பல். பர்ன்லி ரசிகர்களுக்கோ, பக்கத்து ஊர்க்காரனோடு சேர்ந்துகொண்ட துரோகம். அந்த சீசன் முடிவில் பர்ன்லி கீழே இறங்கியது. கடவுள் என்றவர்களே ‘யூதாஸ்’ என்றார்கள். பெரிய கோயில் திருவிழாவுக்கு ஊரே கூடும் தூத்துக்குடிக் கடற்கரையில் அந்தப் பெயரின் கனத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

போல்டனில் அவர் சந்தித்த மிகக் கொடிய நாள் 2012 மார்ச் 17. லண்டனில் டோட்டன்ஹாமுடன் ஆடிக்கொண்டிருந்தபோது, 23 வயது ஃபாப்ரிஸ் முவாம்பா மைதானத்திலேயே சுருண்டு விழுந்தார். இதயம் நின்றுவிட்டது. 78 நிமிடங்கள் அது தானாகத் துடிக்கவில்லை. ஆட்டம் கைவிடப்பட்டது. ஆம்புலன்ஸில் கூடவே போனார் கோய்ல். முவாம்பா பிழைத்தார். காங்கோவிலிருந்து சிறுவனாக வந்து இங்கிலாந்தின் இளையோர் அணிக்கு ஆடியவர் அவர். அவருக்காக அன்று நாடே வேண்டிக்கொண்டது. யாரும் அவருடைய சொந்த ஊரைக் கேட்கவில்லை.

இரண்டு மாதத்தில் போல்டன் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது. அக்டோபரில் கோய்லின் வேலை போனது. பிறகு விகன், அமெரிக்காவில் ஹூஸ்டன், பிளாக்பர்ன், ராஸ் கவுண்டி. எங்கேயும் நிலைக்கவில்லை. ‘அவர் காலம் முடிந்தது’ என்றார்கள்.

சென்னைக்கு வந்த ரயில்

2019 நவம்பர். ஐ.எஸ்.எல். போட்டியில் சென்னையின் எஃப்.சி. திணறிக்கொண்டிருந்தது. முதல் 6 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி. பயிற்சியாளர் ஜான் கிரகரி விலகினார். டிசம்பர் ஆரம்பத்தில் அந்த நாற்காலிக்கு வந்தார் கோய்ல். 53 வயது. இந்தியாவில் முன் அனுபவம் கிடையாது. அணி 10இல் 9ஆவது இடத்தில்.

வந்தவர் பெரிய மந்திரம் எதுவும் போடவில்லை. பயந்து பயந்து பின்னால் நின்று ஆடிய அணியை முன்னால் ஏறி ஆடச் சொன்னார். லிதுவேனியாவின் வால்ஸ்கிஸ், மிசோரம் இளைஞர் சாங்டே, உத்தராகண்டின் அனிருத் தாபா, தமிழ்நாட்டுப் பையன் எட்வின் வான்ஸ்பால் எல்லோரும் புது ஆட்களைப்போல் ஆடத் தொடங்கினார்கள். தட்டுத்தடுமாறிய ரயில் வேகம் எடுத்து, கடைசி இடமான நாலாவது இடத்தைப் பிடித்து அரையிறுதிக்குள் நுழைந்தது. அங்கே எதிரில் இருந்தது புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடித்த கோவா. சென்னை நேரு மைதானத்தில் 4-1 வெற்றி. கோவாவில் 2-4 தோல்வி. கூட்டிப் பார்த்தால் 6-5. சென்னை இறுதிக்குப் போய்விட்டது!

2020 மார்ச் 14, கோவாவின் ஃபதோர்டா மைதானம். நாற்காலிகளெல்லாம் காலி. கொரோனா வந்துவிட்டதால் ரசிகர்களுக்கு அனுமதி இல்லை. பந்து உதைபடும் சத்தம்கூட டி.வி.யில் தெளிவாகக் கேட்டது. எதிரே கொல்கத்தாவின் ஏ.டி.கே.

அந்த இறுதிப் போட்டிக்கு வந்த இரண்டு முகாம்களையும் கொஞ்சம் பாருங்கள். ஒரு பக்கம், ஸ்காட்லாந்தில் பிறந்து அயர்லாந்துக்கு ஆடி, சென்னைக்காக நிற்கும் கோய்ல். மறுபக்கம் ஏ.டி.கே.யின் ராய் கிருஷ்ணா. ஃபிஜி நாட்டு அணியின் கேப்டன். கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிய இந்தியர்களின் வழிவந்தவர். பாரதியார் நினைத்து அழுதாரே, அதே ஃபிஜி! அதே ஏ.டி.கே. அணியில் மைக்கேல் சூசைராஜ், கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஊரான இரவிபுத்தன்துறைக்காரர். சென்னையைத் தோற்கடிக்க வந்த அணியில் ஒரு தமிழ்ப் பையன். சென்னையை ஜெயிக்க வைக்க ஒரு டோனகல் வீட்டுப் பிள்ளை.

ஏ.டி.கே. 3-1 என வென்றது. சென்னைக்குக் கோப்பை கிடைக்கவில்லை. ஆனால், அந்த மூன்று மாதத்தை ரசிகர்கள் மறக்கவில்லை.

அடுத்து ஜாம்ஷெட்பூர் போனார் கோய்ல். அதுவும் ஓர் ஆலையைச் சுற்றி எழுந்த ஊர். அதற்கும் ஆலையை நிறுவியவரின் பெயர்தான். 2021-22 சீசனில், கடைசி 7 லீக் ஆட்டங்களையும் தொடர்ச்சியாக வென்று, 43 புள்ளிகளோடு ஜாம்ஷெட்பூருக்கு முதன்முறையாக லீக் ஷீல்டை வாங்கிக் கொடுத்தார். 2023இல் மறுபடி சென்னை. முதல் வருடம் பிளே-ஆஃப் வரை போனது அணி. இரண்டாம் வருடம் சறுக்கி 11ஆவது இடம். 2025இல் விடைபெற்றார். இந்த முறை யாரும் யூதாஸ் என்று சொல்லவில்லை.

நம் வீட்டுக் கதவு

கோய்லுக்கு அயர்லாந்து திறந்துவிட்ட கதவு இந்தியாவில் கிடையாது. நம் நாட்டில் இரட்டைக் குடியுரிமை இல்லை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்தான் இந்திய அணியில் ஆடலாம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற வம்சாவளியினர் எவ்வளவு நன்றாக ஆடினாலும், அந்தக் குடியுரிமையை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும்.

அப்படி விட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு. ஜப்பானில் பிறந்த இசுமி அராட்டாவின் அப்பா இந்தியர், அம்மா ஜப்பானியர். ஜப்பான் குடியுரிமையைத் துறந்து, 2013இல் இந்திய ஜெர்சி அணிந்தார். ஆஸ்திரேலியாவில் பிறந்த ரயன் வில்லியம்ஸின் தாய் மும்பையில் பிறந்தவர். 2025இல் அவரும் அப்படியே இந்தியக் கடவுச்சீட்டு பெற்றார். கோய்ல் தன் ஒரு தொப்பிக்காக இப்படி எதையும் கழற்றி வைக்க வேண்டியிருக்கவில்லை.

சட்டத்துக்குப் பின்னால் நியாயம் இல்லாமல் இல்லை. தாத்தா ஊரைத் தேடி வருபவர்களுக்கே இடம் கொடுத்துக்கொண்டிருந்தால், இரவிபுத்தன்துறை மணலில் வெறுங்காலோடு ஆடும் பையனுக்கு எப்போது இடம் கிடைக்கும் என்று கேட்கிறார்கள். சரியான கேள்வி. அதே சமயம், வேல்ஸில் ஈழத்தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த விமல் யோகநாதன், இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி கிளப்புக்கு ஆடுகிறார். வேல்ஸ் இளையோர் அணிகளின் ஜெர்சியை அணிந்திருக்கிறார். அந்தத் தமிழ்ப் பெயரை ஸ்கோர்போர்டில் பார்க்கும்போது உலகத்தின் எந்த மூலையில் இருக்கும் தமிழனுக்கும் ஒரு சின்னச் சிலிர்ப்பு வருகிறதே, அதற்கும் ஒரு நியாயம் உண்டு. வேல்ஸ்காரர்கள் அவரைத் தங்கள் பையன் என்பார்கள். நாமும் அப்படியே சொல்வோம். இரண்டும் பொய்யில்லை.

கொழும்பிலும் வளைகுடாவிலும் லண்டனிலும் பிள்ளைகளை வளர்ப்பவர்கள் தூத்துக்குடிக் கடற்கரை நெடுக உண்டு. வருடத்துக்கு ஒரு முறை விடுமுறைக்கு வரும் பேரனிடம் உறவுக்காரர்கள் கேட்பது ஒரே கேள்விதான். “தம்பி, உனக்கு இந்த ஊரு புடிச்சிருக்கா, அந்த ஊரு புடிச்சிருக்கா?” பையன் அம்மா முகத்தைப் பார்ப்பான். இரண்டில் ஒன்றைச் சொன்னால் இன்னொன்று கோபித்துக்கொள்ளுமோ என்று அந்த வயதிலேயே அவனுக்குத் தெரிந்துவிடுகிறது.

பெய்ஸ்லியில் பிறந்த பிள்ளைக்கு டில்பர்க் மைதானத்தில் சில நிமிடங்கள் கிடைத்தன. டோனகலிலிருந்து கிழங்கு தோண்டக் கப்பலேறியவர்களின் வீட்டுக்கு ஒரு தொப்பி வந்து சேர்ந்தது. அதற்காக அவர் ஸ்காட்லாந்தை மறக்க வேண்டியிருக்கவில்லை. பின்னாளில் சென்னையை நேசிக்கவும் அது குறுக்கே நிற்கவில்லை.

அடுத்த முறை விடுமுறைக்கு வரும் பேரனிடம் அந்தக் கேள்வியைக் கேட்காமல், கையில் ஒரு பந்தைக் கொடுத்துக் காயல்பட்டினம் மைதானத்துக்கு அனுப்பிப் பாருங்கள். அவன் நன்றாக ஒரு பாஸ் கொடுத்தால் போதும். எந்த ஊர்ப் பையன் என்பதை அங்கே இருக்கிறவர்கள் முடிவுசெய்துவிடுவார்கள்.